பாலம் கட்டிய பல்லில் சொத்தை விழாமல் காப்பது எப்படி?



குடும்ப நலம் என்றால் அளவான குடும்பம், கர்ப்பகாலக் கவனிப்பு, குழந்தைக்குத் தடுப்பூசி இவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் உழைக்கிற இருவரும் நன்றாக மென்று, வயிறாரச் சாப்பிட்டு, நோயில்லாமல் இருப்பதும் குடும்ப நலத்தில் சேர்ந்ததுதான். "பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். சொல் மட்டுமா போகிறது? கடலை, கரும்பு, சோளம், கறி என்று ஒவ்வொன்றாகச் சாப்பாட்டிலிருந்து விலகிப் போகிறது. மென்று தின்ன முடியாதவர் கஞ்சியும் டீயுமாகக் காலத்தை ஓட்டுகிறார். உடம்பு எப்படித் தெம்பாக இருக்கும்?

பல் போன இடத்தில் பல் கட்டிக்கொள்வது இப்போது கிராமத்திலும் சகஜமாகிவிட்டது. ஆட்டை விற்றோ, சீட்டுப் பணம் எடுத்தோ, நகையை அடகு வைத்தோ கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. கட்டி முடிந்ததும் அவர்களில் பலர் சொல்வது இது: "பல்லு கட்டியாச்சுங்க. அது செயற்கைப் பல்லு. அதுல பூச்சி விழுமா என்ன?"

கேள்வி நியாயமானதுதான். பதிலைக் கவனமாகப் படியுங்கள். கட்டிய பல்லில் சொத்தை விழாது. அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறதே உங்கள் சொந்தப் பல், அதில் விழும். அந்தப் பல் போனால் கட்டிய பல்லும் சேர்ந்து போகும். இதைத் தடுப்பது எப்படி என்று விளக்குவதே இந்தப் பிரசுரத்தின் நோக்கம்.

பல் பாலம் என்றால் என்ன?

ஒரு பல்லைப் பிடுங்கிய இடத்தில் இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளிக்கு இருபுறமும் உள்ள பற்களைப் பல் டாக்டர் சுற்றிலும் கொஞ்சம் ராவிச் சிறிதாக்குகிறார். பிறகு அந்த இரண்டு பற்களின்மேலும் தொப்பி போல இரண்டு கேப்களை மாட்டுகிறார். இந்த இரண்டு கேப்களோடு சேர்த்தே நடுவில் ஒரு செயற்கைப் பல் செய்யப்பட்டிருக்கும். மூன்றும் ஒரே துண்டு. இதைச் சிமெண்டு போன்ற மருந்தால் ஒட்டிவிடுகிறார். இதுதான் பாலம். ஊர்ப்பக்கம் 'பிரிட்ஜ்' என்றும் 'பிக்ஸ் பல்லு' என்றும் சொல்வது இதைத்தான்.

இருபுறமும் தாங்கும் உங்கள் சொந்தப் பற்களைத் தூண் பற்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தொங்குவது இடைப்பல். இடைப்பல்லுக்கு வேர் கிடையாது. அது ஈறின்மேல் லேசாகத் தொட்டுக்கொண்டோ, சிறிது தூக்கலாகவோ நிற்கும். தினமும் கழற்றி மாட்டுகிற பல் செட்டைப் போல இதை வெளியே எடுத்துக் கழுவ முடியாது. வாயில் இருக்கும்போதே சுத்தம் செய்தாக வேண்டும். எல்லாச் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சொத்தை எந்த இடத்தில் விழுகிறது?

வேலிக்கு ஊன்றிய காலைப் பிடுங்கிப் பாருங்கள். மேலே காய்ந்து கெட்டியாக இருக்கும். மண்ணுக்குள் ஆழத்தில் இருப்பதும் ஓரளவு நன்றாகவே இருக்கும். மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த ஓரத்தில்தான் உளுத்துப் போயிருக்கும். தூண் பல்லும் அப்படித்தான் கெடுகிறது.

கேப் உலோகத்தாலோ, பீங்கானாலோ ஆனது. அதைக் கிருமி ஒன்றும் செய்யாது. ஆனால் கேப் முடிகிற ஓரம் ஒன்று இருக்கிறதல்லவா? ஈறுக்குப் பக்கத்தில், கேப்பும் சொந்தப் பல்லும் சேருகிற கோடு அது. எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அது ஒரு சந்துதான். அதை ஒட்டுமருந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. நாளாக ஆக எச்சிலில் ஊறி அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவும் கூடும். ஈறு கீழே இறங்கிவிட்டால் பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரியும். பல்லின் மேற்பகுதிக்கு எனாமல் என்ற கெட்டியான கவசம் உண்டு. வேருக்கு அது கிடையாது. எனாமலைக் கரைப்பதற்குத் தேவையானதைவிட லேசான புளிப்பே வேரைக் கரைத்துவிடும். ஆகவே, முதல் சொத்தை இந்தக் கோட்டில்தான் பிடிக்கும்.

சொத்தை எப்படி உண்டாகிறது?

பல்லில் பூச்சி இருக்கிறது என்றும், கண்டங்கத்திரி விதையைப் புகைத்தால் பூச்சி வெளியே வந்து விழும் என்றும் சொல்வார்கள். சொத்தைக்குக் காரணம் புழுவோ பூச்சியோ அல்ல. புகை காட்டுவதால் சொத்தை நிற்காது.

நடப்பது என்னவென்றால், எல்லோர் வாயிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு. அவை பல்லின்மேல் வழவழவென்று ஒரு படலமாகப் படிகின்றன. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் தெரியும். நாம் தின்கிற இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் இந்தக் கிருமிகளும் தின்று, புளித்த அமிலமாக மாற்றுகின்றன. தின்ற சில நிமிடங்களிலேயே இது நடந்துவிடும். அந்த அமிலம் பல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பிறகு எச்சில் சுரந்து அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பல்லில் சேர்க்கிறது. இதற்கு அரை மணி நேரமோ, அதற்கு மேலோ ஆகும்.

அரிப்பு ஒரு பக்கம், பூச்சு ஒரு பக்கம் என்று நாள் முழுக்க இந்த வேலை நடக்கிறது. அரிப்பு அதிகமானால் சொத்தை விழுகிறது. அரிப்பைக் குறைத்துப் பூச்சுக்கு நேரம் கொடுத்தால் பல் தப்பிக்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், கீழே சொல்லப்போகும் யோசனைகள் எல்லாம் தானே புரியும்.

வலிக்கவில்லையே, கவலை எதற்கு?

"வலிச்சா போய்க் காட்டிக்கலாம்" என்று இருப்பதுதான் பெரிய ஆபத்து. பாலத்தின் அடியில் சொத்தை விழுந்தால் பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. காரணங்கள் மூன்று:

1. கேப் மூடியிருப்பதால் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் தட்டுப்படாது.

2. பாலம் கட்டுவதற்கு முன் தூண் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்திருந்தால் அந்தப் பல்லில் நரம்பு இல்லை. முழுவதும் உளுத்துப் போனாலும் வலி தோன்றாமல் இருக்கலாம்.

3. ஒரு தூணில் ஒட்டுமருந்து விட்டுப்போனாலும் மறு தூண் பாலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாலம் விழாது. ஆனால் விட்டுப்போன கேப்பின் உள்ளே எச்சிலும் சோற்றுப் பிசிறும் புகுந்து, உள்ளுக்குள்ளேயே பல்லைக் கரைத்துவிடும். ஒருநாள் பாலம் கையோடு வரும்போது பார்த்தால் உள்ளே பல் இருக்காது, குச்சிதான் இருக்கும்.

அப்படி ஒரு தூண் போய்விட்டால் என்ன ஆகும்? ஒரு பல் இல்லாத இடத்தில் இரண்டு பல் இல்லாமல் போகும். மறுபடி கட்ட வேண்டுமானால் இன்னும் தள்ளி இருக்கிற நல்ல பல்லையும் ராவ வேண்டும். செலவும் கூடும், பற்களும் குறையும். நன்றாகப் பராமரித்தால் ஒரு பாலம் 10 ஆண்டும் அதற்கு மேலும் உழைக்கும். பராமரிக்காவிட்டால் அடகு வைத்த நகை வீடு திரும்புவதற்கு முன்பே பாலம் போய்விடும்.

தினமும் செய்ய வேண்டியவை

இரவில் பல் துலக்குங்கள். நம் பக்கத்தில் காலையில் பல் துலக்காமல் காபி கூடக் குடிக்காதவர்கள் உண்டு. நல்ல பழக்கம். ஆனால் இரவில் துலக்குவோர் குறைவு. தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். சாப்பாட்டுத் துணுக்கோடு படுத்தால் விடியும்வரை கிருமிக்கு விருந்து. தடுத்து நிறுத்தக் காவலாள் இல்லாத நேரம் அது. காலையில் ஒரு முறை, இரவு படுக்கப் போகும் முன் ஒரு முறை, ஆக இரண்டு முறை துலக்க வேண்டும். இரவில் துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் சாப்பிட வேண்டாம். பால்கூட அதற்கு முன்பே குடித்துவிடுங்கள்.

எதைக்கொண்டு துலக்குவது? மென்மையான நார் உள்ள பிரஷ் வாங்குங்கள். பேஸ்ட் வாங்கும்போது உறையில் ஃபுளோரைடு என்று எழுதியிருக்கிறதா, 1000 பி.பி.எம். என்று அளவு போட்டிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் காட்டிக் கேளுங்கள். கரைந்த பல்லைத் திரும்பக் கெட்டிப்படுத்த உதவுவது இந்த ஃபுளோரைடுதான். சாம்பல், அடுப்புக்கரி, செங்கல் தூள், மணல் இவை வேண்டாம். இவை பல்லைத் தேய்க்கும், ஈறைக் கீழே இறக்கும், வேரை வெளியே கொண்டுவரும்.

எப்படித் துலக்குவது? பிரஷைப் பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் சாய்வாக வையுங்கள். கேப்பின் ஓரக் கோடு அங்கேதான் இருக்கிறது. அழுத்தாமல் சிறிது சிறிதாக ஆட்டித் தேயுங்கள். கன்னத்துப் பக்கம் முடிந்ததும் நாக்குப் பக்கமும் அதே போலத் தேய்க்க வேண்டும். நாக்குப் பக்கத்தை விட்டுவிடுகிறவர்களே அதிகம். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகட்டும். முடிந்ததும் நுரையைத் துப்பிவிடுங்கள். செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தால் பேஸ்டின் மருந்து முழுக்கப் போய்விடும். துப்புவதோடு நிறுத்திக்கொண்டால் மருந்து பல்லில் தங்கி வேலை செய்யும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ, நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்போ பிரஷை மாற்றுங்கள். ஒருவர் பிரஷை இன்னொருவர் உபயோகிக்கக் கூடாது. கணவன் மனைவியானாலும் கூடாது.

பாலத்தின் அடியைச் சுத்தம் செய்வது எப்படி?

மற்ற பற்களுக்கும் பாலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. பாலத்தின் மூன்று பற்களும் ஒட்டியிருப்பதால் மேலிருந்து இடுக்கில் நூல் இறங்காது. பிரஷ் நாரும் இடைப்பல்லின் அடியில் போகாது. சோறு, கீரை, கறி நார் எல்லாம் போய்ச் சேர்கிற இடமும் அதுதான். வீட்டைத் தினமும் பெருக்கிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் மட்டும் பெருக்காமல் விட்டால் என்ன ஆகும்?

இதற்கென்றே 'சூப்பர் ஃப்ளாஸ்' என்ற பல் நூல் இருக்கிறது. பெரிய மருந்துக் கடைகளில் கிடைக்கும். அதன் ஒரு முனை விறைப்பாக, ஊசி கோர்ப்பதற்கு வசதியானது போல இருக்கும். நடுப்பகுதி பஞ்சு போல இருக்கும். உபயோகிக்கும் முறை:

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள்.

2. விறைப்பான முனையைக் கன்னத்துப் பக்கத்திலிருந்து, தூண் பல்லுக்கும் இடைப்பல்லுக்கும் நடுவே ஈறையொட்டி உள்ளே நுழையுங்கள். நாக்குப் பக்கமாக அது வெளியே வரும்.

3. பஞ்சுப் பகுதி பாலத்தின் அடியில் வரும்வரை இழுங்கள்.

4. முதல் தூண் பல்லின் பக்கவாட்டில் நூலை அணைத்து மேலும் கீழுமாகத் தேயுங்கள். அப்படியே நகர்த்தி, இடைப்பல்லின் அடியைத் துடையுங்கள். பிறகு அடுத்த தூண் பல்லின் பக்கம் வாருங்கள்.

5. முடிந்ததும் நூலை ஒரு பக்கமாகவே உருவி எடுங்கள். பாலத்தின்மேல் வெடுக்கென்று இழுக்க வேண்டாம்.

சாதாரணப் பல் நூல்தான் கிடைத்ததென்றால், அதைக் கோர்த்து உள்ளே நுழைக்கப் பிளாஸ்டிக் வளையம் போன்ற ஒரு கருவி உண்டு. விரல்நகம் அளவே உள்ள சிறிய இடுக்கு பிரஷ்ஷும் உண்டு. உங்கள் பாலத்தின் அடியில் எந்த அளவு பிரஷ் நுழையும் என்று டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். முதல் தடவை அவர் எதிரிலேயே செய்து காட்டிப் பழகிக்கொள்வது உத்தமம்.

தினம் ஒரு முறை, இரவில் துலக்கும் முன் இதைச் செய்தால் போதும். முதல் சில நாட்கள் ஈறில் ரத்தம் கசியலாம். அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். அழுக்கு தங்கிப் புண்ணான ஈறுதான் கசிகிறது. சுத்தம் ஆக ஆக அது நிற்கும். இரண்டு வாரத்துக்கு மேலும் கசிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஊக்கு, கொண்டை ஊசி, துடைப்பக்குச்சி, தீக்குச்சி இவற்றால் பாலத்தைக் குத்தவே கூடாது. ஈறு கிழியும், ஓரத்தில் உள்ள ஒட்டுமருந்து பெயரும். நூல் கைக்குக் கிடைக்கும்வரை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் தண்ணீரை வாயில் வைத்து நன்றாக அலசிக் கொப்பளியுங்கள்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது

இனிப்பை எவ்வளவு தின்றோம் என்பதைப் போலவே எத்தனை தடவை தின்றோம் என்பதும் முக்கியம். கணக்குப் போட்டுப் பாருங்களேன். எழுந்ததும் ஒரு காபி. வேலைக்குப் போகும் வழியில் ஒரு டீ. பத்து மணிக்கு டீயும் பன்னும். மதியம் சாப்பிட்ட பின் ஒரு கடலை மிட்டாய். நாலு மணிக்கு மறுபடி டீ. இரவு பாலில் சர்க்கரை. ஆறு தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் பல் அரை மணி நேரம் அமிலத்தில் ஊறினால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் அரிப்புதான். இதில் இரண்டைக் குறைத்தாலே ஒரு மணி நேரம் பல்லுக்கு மிச்சம்.

இனிப்புச் சாப்பிட வேண்டுமானால் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். இடையில் வரும் டீயில் சர்க்கரையைக் குறையுங்கள், முடிந்தால் விட்டுவிடுங்கள். டீ குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் கொப்பளியுங்கள். "நாங்க சீனி சேர்க்கிறதில்ல, கருப்பட்டிதான்" என்பார்கள் சிலர். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே கிருமிக்கு இனிப்புத்தான். பாட்டிலில் வரும் குளிர்பானங்களில் இனிப்பும் உண்டு, அமிலமும் உண்டு. அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட்டு போன்று ஒட்டுகிற பண்டங்கள் பாலத்தின் ஓரத்தில் வெகுநேரம் தங்கும், பாலத்தையும் பிடித்து இழுக்கும். கரும்பைக் கடிப்பது, எலும்பை உடைப்பது, சோடாப் பாட்டில் மூடியைப் பல்லால் திறப்பது இவற்றைப் பாலத்தின் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டுமருந்து விட்டுப்போனால் அந்தச் சந்தில் சொத்தை ஆரம்பிக்கும்.

வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்னத்தில் அடக்கி வைக்கும் புகையிலை அந்த இடத்து ஈறை இறங்க வைக்கும், வேரை வெளிக்காட்டும். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம். பல்லுக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காக விட்டுவிட வேண்டிய பழக்கம் இது.

மாதம் ஒரு முறை: கணவன் மனைவிக்கு ஒரு வேலை

தன் வாயைத் தானே பார்த்துக்கொள்வது கஷ்டம். ஆகவே மாதம் ஒரு நாள், டார்ச் விளக்கை அடித்து ஒருவர் வாயை மற்றவர் பாருங்கள். இதில் வெட்கம் என்ன இருக்கிறது? பார்க்க வேண்டியவை:

● கேப்பின் ஓரத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ புதிதாகக் கோடு தெரிகிறதா?

● ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா? ஈறில் பரு போலச் சீழ்க் கட்டி இருக்கிறதா?

● விரலால் பாலத்தை அழுத்தினால் அசைகிறதா? ஓரத்தில் எச்சில் குமிழ் விடுகிறதா? குமிழ் விட்டால் உள்ளே சந்து விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

பாலம் கட்டியவரும் இவற்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே இடத்தில் அடிக்கடி சோறு சிக்குவது, துலக்கியும் போகாத துர்நாற்றம், அந்தப் பக்கம் கசப்பான அல்லது புளித்த ருசி, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுவது. வாய் நாறுகிறது என்பது அவரவருக்குத் தெரியாது. கூட இருப்பவருக்குத்தான் தெரியும். குத்திக்காட்டாமல் பக்குவமாகச் சொல்லி டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தள்ளிப்போடாதீர்கள். ஓரத்தில் சிறிய சொத்தையாக இருக்கும்போதே பார்த்தால் பல சமயம் பாலத்தைக் கழற்றாமலே அடைத்துவிடலாம். எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கு

பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும் என்பது தவறு. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஏற்படும் மாற்றத்தால் ஈறு சீக்கிரம் வீங்கும், ரத்தம் கசியும். மசக்கை வாந்தியில் வயிற்று அமிலம் பல்லில் படும். அடிக்கடி ஏதாவது தின்னவும் தோன்றும். கெடுவதற்கு இவையே காரணம். பாலம் கட்டியவருக்கு இந்த மாதங்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

வாந்தி எடுத்தவுடன் பல் துலக்க வேண்டாம். அமிலத்தில் இளகிய பல் தேய்ந்துபோகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்து கொப்பளித்து, அரை மணி கழித்துத் துலக்குங்கள். கர்ப்ப காலத்தில் பல் சுத்தம் செய்துகொள்ளலாம், சொத்தையை அடைத்துக்கொள்ளலாம். நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை இதற்கு வசதியான காலம். வலியோ சீழோ இருந்தால் எந்த மாதமானாலும் உடனே காட்ட வேண்டும். கர்ப்பமாக இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவசரமில்லாத புதிய பாலத்தைப் பிரசவத்துக்குப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு எளிதில் புண்ணாகும், வாய் உலரும். ரத்தக் கொதிப்பு, அலர்ஜி, மன அழுத்தம் இவற்றுக்கான சில மாத்திரைகளாலும் வாய் உலரலாம். எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாகப் பரவும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். வாய் உலர்வதை டாக்டரிடம் சொல்லுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மருந்து தரும் பணியாளரிடமும் சொல்லலாம்.

பாலம் கழன்றுவிட்டால்

பதற வேண்டாம். கழுவி ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தி, டாக்டரிடம் எடுத்துப் போங்கள். உள்ளே பல் நன்றாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டவும் வாய்ப்பு உண்டு. பெட்டிக் கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டிக்கொள்ளக் கூடாது. அது வாயைப் புண்ணாக்கும். பாலம் கோணலாக ஒட்டினால் அப்புறம் சேர்க்கவே முடியாது. கழன்ற பாலத்தைச் சும்மா மாட்டிக்கொண்டு தூங்குவதும் ஆபத்து. மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நாளைக் கடத்தவும் கூடாது. ராவிய பல்லுக்குக் கவசம் இல்லை. சீக்கிரம் சொத்தை பிடிக்கும்.

இனிமேல்தான் கட்டப் போகிறீர்களா?

பதிவு பெற்ற பல் டாக்டரிடம் மட்டுமே கட்டிக்கொள்ளுங்கள். சந்தையிலும் தெருவோரத்திலும் அரை மணியில் 'நிரந்தரப் பல்' கட்டித் தருவோரிடம் போகாதீர்கள். பிளாஸ்டிக் மாவைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து அப்பிக் கம்பியால் இறுக்கிவிட்டால், அடியில் சுத்தம் செய்ய வழியே இருக்காது. நல்ல பற்களும் சேர்ந்து கெடும்.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தூண் பற்களில் சொத்தை இருந்தால் முழுவதும் எடுத்தாயிற்றா? ஈறைச் சுத்தம் செய்தாயிற்றா? பாலத்தின் அடியில் நூல் நுழைய இடம் விட்டிருக்கிறீர்களா? கேட்பது உங்கள் உரிமை.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

"வேப்பங்குச்சியால தேய்ச்சாப் போதாதா?" 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று பெரியவர்கள் சொன்னதைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் குச்சியின் தும்பு பாலத்தின் அடியில் நுழையாது. ஃபுளோரைடு பேஸ்ட் தருகிற காப்பும் அதில் கிடைக்காது. காலையில் குச்சி உபயோகித்தாலும் இரவில் பிரஷும் நூலும் வேண்டும்.

"நல்லெண்ணெய் கொப்பளிக்கிறேனே?" கெடுதல் இல்லை. துலக்குவதற்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

"கிராம்புத் தைலம் வெச்சா வலி நின்னுடுதே?" வலி நிற்கும், சொத்தை நிற்காது. வலி நின்றதால் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

"எங்க ஊர்த் தண்ணியிலேயே ஃபுளோரைடு அதிகம்னு சொல்றாங்க. பேஸ்ட்லயும் வேணுமா?" தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. தண்ணீரில் அதிகமானால் குடித்து உடம்பில் சேருவதால்தான் கெடுதல். பெரியவர்கள் பேஸ்டை விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறார்கள். அது பல்லின் மேலேயே வேலை செய்கிறது. ஆகவே பெரியவர்கள் உபயோகிக்கலாம். சிறு குழந்தைகள் விழுங்கிவிடுவார்கள். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதும். பெரியவர் பக்கத்தில் இருந்து துலக்கிவிட வேண்டும்.

எங்கே போவது?

தாலுகா, மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சில ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் டாக்டர் இருக்கிறார். எந்த ஊரில், எந்த நாளில் என்று உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன.

நினைவில் கொள்ளுங்கள்

● கட்டிய பல்லுக்குச் சொத்தை இல்லை. தாங்கும் பல்லுக்கு உண்டு.
● இரவில் துலக்காமல் படுக்காதீர்கள்.
● தினம் ஒரு முறை பாலத்தின் அடியில் நூல் விடுங்கள்.
● இனிப்பைச் சாப்பாட்டு நேரத்தோடு நிறுத்துங்கள்.
● மாதம் ஒரு முறை ஒருவர் வாயை ஒருவர் பாருங்கள்.
● வலிக்கும்வரை காத்திராமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்தப் பிரசுரத்தைப் படித்து முடித்ததும் பல் கட்டிய உங்கள் மாமியார், மாமனார், அக்கம்பக்கத்தாருக்கும் படித்துக் காட்டுங்கள். இன்று இரவு படுக்கப் போகும் முன் பிரஷைக் கையில் எடுங்கள்.